அண்ணாச்சி பதில்கள்: பையன் புத்தகத்தைத் தொட மாட்டேங்கிறான்

நாகர்கோவில் புத்தகத் திருவிழா முடிந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. வீட்டில் புத்தகம் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டது, அதை யார் படிப்பது என்பதுதான் இப்போது பலருக்கும் பிரச்சினை போலிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

அண்ணாச்சி, என் மகன் நாலாம் கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். புத்தகத் திருவிழாவில் அவனுக்கென்றே ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினேன். திருக்குறள் கதைகள், விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாறு, நீதிக் கதைகள் எல்லாம் இருக்கிறது. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. போனை வாங்கி வைத்தால் அழுகிறான், புத்தகத்தைக் கொடுத்தால் தூங்கிவிடுகிறான். நானும் அவன் அப்பாவும் டிகிரி முடித்து வேலைக்குப் போகிறவர்கள்தான். இவனுக்கு மட்டும் ஏன் படிக்கிற ஆசை வரவில்லை?
— ஒரு அம்மா, மார்த்தாண்டம்

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. அந்தப் புத்தகங்களை எடுத்தது யார்? பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது, பையன் எடுக்கவில்லை. அவன் எப்படிப்பட்ட பிள்ளையாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ அந்தப் பிள்ளைக்கு வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு டைனோசரோ பேயோ கிரிக்கெட்டோ எதுவோ வேண்டியிருந்திருக்கும். அடுத்த தடவை அவன் கையில் இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஸ்டாலுக்கு வெளியே நில்லுங்கள். எதை எடுத்துக்கொண்டு வந்தாலும், அது உங்களுக்கு எவ்வளவு மட்டமாகப் பட்டாலும், முகத்தைச் சுளிக்கக் கூடாது.

அடுத்தது இதைவிட முக்கியம், பெரும்பாலான அப்பா அம்மாக்கள் கவனிப்பதே இல்லை. அவனுக்கு உண்மையிலேயே வாசிக்க வருகிறதா என்று பாருங்கள். டீச்சர் சொல்லிக் கொடுத்து மனப்பாடமாகிப் போன பாடப்புத்தகப் பக்கம் வேண்டாம், இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைப் பேச்சுவாக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள்; இங்கிலீஷைச் சடசடவென்று ஒப்பித்துவிடுகிறார்கள், ஆனால் என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆக இரண்டு மொழியிலும் கதைக்குள்ளே போக முடிவதில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு வரியின் கடைசிக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்துவிடும். அப்படி வாசிக்கிறவனுக்கு அதில் என்ன சுவாரசியம் கிடைக்கும்? நமக்கே அந்த நிலைமை வந்தால் தூக்கம்தான் வரும்.

பேச்சு பிள்ளைகளுக்குத் தானாக வருகிறது, வாசிப்பு அப்படி வராது. மனிதர் எழுதத் தொடங்கி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஓர் இடம் அமைந்துவிடவில்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிற பகுதியில், இடது பக்கம், கொஞ்ச இடத்தை மூளை எழுத்துக்கென்று மாற்றிக்கொள்கிறது என்று பிரான்ஸ் நாட்டு மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் விளக்குகிறார். அந்த மாற்றம் நடக்க வேண்டுமானால் எழுத்து கண்ணில் திரும்பத் திரும்பப் பட வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது. தமிழில் 247 எழுத்து என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். உயிரும் மெய்யும் சேருகிற முறை ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் தமிழில் எந்தப் புதுச் சொல்லையும் வாசித்துவிடலாம், இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மாதிரி ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதில் கவலைப்பட வேண்டிய இடமும் உண்டு. சரளமாக வாசிக்கிற பிள்ளை ஆசையாக வாசிக்கும், அதனால் புதுச் சொற்கள் சேரும், சொற்கள் சேருவதால் இன்னும் பெரிய புத்தகம் எளிதாகிவிடும். திணறுகிற பிள்ளை புத்தகத்தைத் தவிர்க்கும், தவிர்ப்பதாலேயே இன்னும் பின்னால் போகும். வருஷம் ஆக ஆக இரண்டு பேருக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போகும். 1986ல் கீத் ஸ்டானோவிச் என்ற ஆய்வாளர் வாசிப்பில் நடக்கிற இந்த விஷயத்துக்கு ‘மத்தேயு விளைவு’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் இருக்கிறதும் எடுத்துக்கொள்ளப்படும் என்று மத்தேயு சுவிசேஷத்தில் வருமே, அந்த வசனம்தான். உங்கள் பையனுக்கு ஒன்பது வயதுதானே, இப்போதே பிடித்துவிட்டால் போதும்.

எப்படிப் பிடிப்பது? நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம், அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவன் தேர்ந்தெடுத்த புத்தகத்தை, நீங்கள் சத்தமாக வாசிக்க வேண்டும். பேய் வருகிற இடத்தில் பேய்க் குரல் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள். கதை சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, எனக்குத் தூக்கம் வருது மக்களே என்று விளக்கை அணைக்கப் போங்கள். அடுத்த நாள் சாயந்திரம் அவனே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் பார்க்காத மாதிரி அடுக்களைக்குப் போய்விடுங்கள். படக்கதையா? தாராளமாக. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய பிறகு எத்தனையோ பேர் அதன் வழியாகத்தான் பெரிய நாவல்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை வாசிக்கிறானா? வாசிக்கட்டும், சரளம் அப்படித்தான் வரும். காசு செலவழிக்காமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் குழந்தைக் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். சின்னச் சின்னப் புத்தகங்கள், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள், யோசித்துச் செய்த வேலை அது.

ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். கதை முடிந்ததும், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்காதீர்கள். நீங்கள் சினிமா பார்த்துவிட்டு வரும்போது தியேட்டர் வாசலில் ஒருத்தன் நின்றுகொண்டு அப்படிக் கேட்டால் மறுபடி அந்தப் பக்கம் போவீர்களா?

அப்புறம் அந்தக் கடைசி வரி. நாங்கள் டிகிரி முடித்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம குமரி மாவட்டத்தில் அதற்குக் குறைவே இல்லை, 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். பரீட்சைக்கும் வேலைக்கும் இல்லாமல், சும்மா ஆசைக்காக நீங்கள் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்திருந்ததை அவன் கடைசியாக எப்போது பார்த்தான்? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

குரூப் நாலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இடையிடையே நாவல் வாசிப்பேன். ‘அதில் ஒரு கேள்வியாவது வருமா’ என்று அப்பா திட்டுகிறார். நாவல் வாசிப்பது பரீட்சைக்கும் உதவும் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
— ஒரு மாணவர், கருங்கல்

புரிய வைக்காதீர்கள், ஏனென்றால் கணக்கில் உங்கள் அப்பா சொல்வதுதான் சரி. இருநூறு கேள்வியில் நூறு தமிழ், அந்த நூறும் பள்ளிப் பாடப்புத்தகத்தை ஒட்டி வரும், அதை உருப்போடாமல் நாவலை வாசித்துக்கொண்டிருந்தால் கட்-ஆப் எட்டாது. பகலில் பாடத்தைப் படியுங்கள், ராத்திரி அரைமணி நேரம் நாவல். மார்க்குக்கு உதவும் என்று சாக்குச் சொல்லத் தொடங்கினால் நாளைக்கு அந்த அரைமணி நேரமும் பாடமாகிவிடும். பிடித்திருக்கிறது, அதனால் வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். கிரிக்கெட் பார்க்கிற உங்கள் தம்பியிடம் யாரும் காரணம் கேட்பதில்லை இல்லையா.

கல்யாணத்துக்கு முன்னால் கையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பேன். இப்போது ஆறு வருஷமாக ஒன்றுமில்லை. வீட்டு வேலை, இரண்டு பிள்ளைகள், மாமனார் மாமியார். போன மாதம் ஆசைப்பட்டு ஒரு நாவலை எடுத்தேன், இரண்டு பக்கம் தாண்டவில்லை, மனசு ஓடிவிடுகிறது. நான் உண்மையிலேயே அவ்வளவு வாசித்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.
— ஒரு சகோதரி, திருவட்டார்

என் சித்தி ஒருவர் இருந்தார். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்து, சேர்த்து வைத்து, கோணி ஊசியால் தைத்து பைண்டு போட்டிருப்பார். இந்தப் பக்கம் கதை, அந்தப் பக்கம் பாதி ஜோக்கும் தைல விளம்பரமும். எப்போது வாசிப்பார் என்றால் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, சாயந்திரச் சாயாவுக்கு அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால், அடுக்களைப் படியில் உட்கார்ந்து. அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டால் பதில் வராது. பிள்ளைகளான எங்களுக்கு அது தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும், கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரே போய்த் தண்ணீர் மோந்து குடிப்பார். சித்தி யாரிடமும் அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை, அந்த நேரத்தைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் முதல் வேலை அதுதான். ஆறு வருஷமாக ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் மனசு கூப்பிடாதபோதும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாததற்குக் காரணம் அது. உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தேகமே வேண்டாம். ஏதாவது ஒரு அரைமணி நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சோறு போடத் தெரியாத மனுஷன் என்றால் இதைச் சாக்காக வைத்துக் கற்றுக்கொள்ளட்டும். போனை அடுத்த அறையில் வையுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சைலண்டில் போட்டாலும் கண் அங்கேதான் போகும்.

நாவலில் தொடங்காதீர்கள். ஆறேழு பக்கச் சிறுகதைகள், ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி. அல்லது கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்த ஒரு புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். கதை தெரியும் என்பதால் மனசு ஓடினாலும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ள முடியும். அதில் இன்னொன்றும் நடக்கும். இருபது வயதில் யாரைப் பார்த்து அழுதீர்களோ அவள்மேல் இப்போது எரிச்சல் வரும், அப்போது பிடிக்காத மாமியார் பாத்திரம் இப்போது புரியும். புத்தகம் அப்படியே இருக்கிறது, இடைப்பட்ட வருஷங்களில் நீங்கள் எங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். ஆறு வருஷம் வீணாகிவிட்டது என்ற நினைப்பும் அதில் கொஞ்சம் குறையலாம்.

புத்தகம் வாசித்தால் மனிதன் பண்படுவான், நல்லவனாவான் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? உண்மையைச் சொல்லவும்.
— ஒரு வாசகர், தேரூர்

கவிமணி பிறந்த ஊரிலிருந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே. சரி, உண்மையைச் சொல்கிறேன்: இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மூன்று சுவருக்குப் புத்தகம், கேட்ட மாத்திரத்தில் கம்பனிலிருந்து பாட்டு எடுத்துவிடுவார், அவருடைய ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பால் வெட்டுகிற ஆளின் பெயர் அவருக்குத் தெரியாது. ‘வெட்டுக்காரன்’ என்றுதான் சொல்வார். இன்னொரு பக்கம், கையெழுத்துப் போடக்கூடத் தெரியாமல் ஊருக்கே ஆறுதலாக வாழ்ந்துவிட்டுப் போன பாட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2013ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தரமான இலக்கியப் புனைவைக் கொஞ்ச நேரம் வாசித்தாலே மற்றவர் மனதைப் புரிந்துகொள்கிற திறன் கூடுகிறது என்றார்கள். எல்லோரும் கொண்டாடினோம். சில ஆண்டுகளில் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. மேடையில் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்.

அப்படியானால் வாசிப்பு ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும், ஆனால் மார்க் ஷீட் போட்டுக் காட்டுகிற மாதிரிச் செய்யாது. ஒருவர் பேசுவதை இருநூறு முந்நூறு பக்கத்துக்குக் குறுக்கே பேசாமல் கேட்கிற பழக்கம் வருகிறது, இது சின்ன விஷயம் இல்லை, நம்ம வீட்டு விசேஷங்களில் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கிறது என்று பாருங்கள். இதுவரை பேர் தெரியாமல் உள்ளே கிடந்த ஒரு உணர்ச்சியை எவனோ ஒருத்தன் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, ஓ, இது எனக்கு மட்டும் இல்லையா என்று ஒரு நிம்மதி வருகிறது. இரண்டுமே நல்ல மனிதனுக்கும் உதவும், கெட்டவனுக்கும் உதவும், அவன் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது.

இதில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. நம்ம பேச்சை வெளியூரில் எப்படிக் கிண்டல் பண்ணுவார்கள் என்று தெரியும், பாதி மலையாளம் என்பார்கள். சென்னையில் வேலைக்குப் போன நம்ம பையன்கள் ஒரே மாதத்தில் ஊர்ப் பேச்சை மறைத்துக்கொள்வார்கள். அப்படி மறைத்துக்கொண்டு திரிகிற ஒருத்தன் கையில் நாஞ்சில் நாடனோ தோப்பில் முகமது மீரானோ கிடைக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தன் அம்மை பேசுகிற பேச்சு, தன் ஊர்ச் சாப்பாடு, தன் ஊர்க் கடல், அச்சில். அதற்கும் முன்னால், 1964லேயே, ஹெப்சிபா ஜேசுதாசன் இந்தப் பக்கத்துப் பனையேறிக் குடும்பம் ஒன்றை, ஒரு பெண் வளர்ந்து வருகிற கதையாக, நாவலில் எழுதிவிட்டார். அதுவரை கதை என்றால் தஞ்சாவூரில், மயிலாப்பூரில் நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் வீட்டிலும் கதை இருக்கிறது என்று தெரிகிற நாள் அது. அவன் நல்லவனாகிறானா தெரியாது, கொஞ்சம் தலை நிமிர்ந்துவிடுகிறான்.

நஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நிறைய வாசிக்கிறவனுக்குக் கல்யாண வீட்டில் பேச ஆள் கிடைக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் நில விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவன் மனசு வேறு எங்கோ இருக்கும். வீட்டில், இவன் ஒரு மாதிரி என்பார்கள். இதற்கு மருந்து கிடையாது, அதே மாதிரி இன்னொருத்தன் ஊரில் எங்காவது இருப்பான், அவனைக் கண்டுபிடிக்கிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு 76 வயது. சிறு வயதில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மலையாளம் நன்றாக வாசிப்பேன், தமிழ் வீட்டுப் பேச்சு, ஆனால் வாசிக்கும்போது தட்டுகிறது. இந்தக் கடிதத்தைக்கூடப் பேத்தியிடம் சொல்லி எழுதுகிறேன். நம்ம ஊர்க்காரர்கள் எழுதிய தமிழ் நாவல்களை வாசிக்க ஆசை. இனிமேல் முடியுமா?
— ஒரு பெரியவர், களியக்காவிளை

ஐயா, நீங்கள் கேட்டதைத்தான் நம்ம மாவட்டத்தின் பெரிய எழுத்தாளர்களே ஒரு காலத்தில் தங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1956 நவம்பர் 1ல் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேரும்வரை இது முதலில் திருவிதாங்கூர், அப்புறம் திரு-கொச்சி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்பது உங்கள் தலைமுறையில் சகஜம். சுந்தர ராமசாமி பள்ளியில் தமிழ் படித்தவர் இல்லை, மலையாளமும் சமஸ்கிருதமும் படித்தவர். பதினெட்டு வயதுவாக்கில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றவர் 1951ல், இருபது வயதில், புதுமைப்பித்தனுக்கு நினைவு மலர் கொண்டுவந்தார். தகழியின் நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே, மலையாளம் அதற்கு உதவியது. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாளம் வழியாகப் படித்தவர். 1997ல் தமிழ் நாவலுக்காக சாகித்ய அகாடமி விருது வாங்கினார்.

பதினெட்டு எங்கே, எழுபத்தாறு எங்கே என்பீர்கள். ஆனால் உங்களுக்கு மொழி தெரியும், வாசிக்கவும் தெரியும், லிபி ஒன்றுதான் பாக்கி. மலையாளத்தில் ‘க’ வரிசையில் நாலு எழுத்து இருக்கிற இடத்தில் தமிழில் ஒன்றே ஒன்று, ஒலியை இடத்தைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். மலையாளம் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்த ஊகத்தில்தான் தட்டும். வீட்டில் பேசுகிற சொல் என்பதால் பத்துப் பதினைந்து பக்கத்தில் பழகிவிடும். சத்தமாக வாசியுங்கள், காதுக்கு உடனே பிடிபட்டுவிடும். தென் மாவட்டத்துப் பேச்சுத் தமிழில் எழுதிய கதைகளிலேயே தொடங்குங்கள், பத்திரிகைத் தமிழைவிட உங்களுக்கு அதுதான் எளிது.

கண் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. தட்டுவது எழுத்துப் பழக்கத்தாலா கண்புரையாலா என்பதை முதலில் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள், மலையாளப் பேப்பரும் மங்கலாகத் தெரிந்தால் கண்தான் காரணம். பேத்தியிடம் ஒரு டேப்லெட் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். 1998லிருந்து இயங்கி வருகிற மதுரைத் திட்டத்தில் பழைய தமிழ் நூல்கள் நிறைய இலவசமாக இருக்கின்றன. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் நல்லதுதான், மார்த்தாண்டத்து அம்மாவின் கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டில் தலைகீழாக நடக்கும்.

எங்கள் ஊரில் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. திறந்திருந்தாலும் அலமாரிக்குப் பூட்டு. கேட்டால், புத்தகம் தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்கிறார் அங்கே இருப்பவர். நூலக வரி கட்டுகிறோமே, அது எதற்கு?
— ஒரு வாசகர், தோவாளை பக்கம்

நியாயமான கேள்வி. 1948ல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் நம்முடையது, சுதந்திர இந்தியாவில் முதலில் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். அவர் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அடுத்த இரண்டு. அலமாரிக்குப் பூட்டுப் போட்டால் மூன்றும் போச்சு.

அங்கே இருப்பவரைத் திட்டாதீர்கள். அவர் பெரும்பாலும் தனி ஆளாக எல்லாவற்றையும் பார்ப்பவர், தொலைந்த புத்தகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பூட்டுவது அவருக்குப் பாதுகாப்பு. கடிதத்தை அவருக்கு மேலே எழுதுங்கள், மாவட்ட நூலக அலுவலருக்கு. தனியாக எழுதாமல் பத்திருபது உறுப்பினர் கையெழுத்தோடு எழுதினால் மதிப்பு கூடும். நூலகத்துக்கு வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும், உங்கள் ஊரில் பேருக்கு மட்டும் இருந்தால் அதில் நீங்கள் சேர்ந்து உயிர் கொடுங்கள். என்ன புத்தகம் வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள். யாரும் கேட்காத ஊருக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கிராமத்துக்குக் கிராமம் நூலகம் இருக்கிறதே என்று நம்ம ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். 1945ல் பி.என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கமாக்கினார், அதிலிருந்து வளர்ந்தது அது. அப்போது அதன் பெயர் திருவிதாங்கூர் நூலகச் சங்கம், நாமும் அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தோம். அங்கே ஊர்க்காரர்கள் நூலகத்தைத் தங்கள் சொத்தாக நினைத்து நடத்துகிறார்கள், நாம் அரசாங்கத்தின் கட்டிடமாக நினைத்துக் கடந்து போகிறோம். வரி கட்டியது நீங்கள்தானே, உள்ளே போய் உட்காருங்கள்.

ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் விடலாமா?
— ஒரு மாணவி, தக்கலை

விடலாம். கால்வாசியிலும் விடலாம். ஐந்து வருஷம் கழித்து ஒரு தடவை திறந்து பாருங்கள், சில புத்தகங்கள் நமக்கு வயதாவதற்காகக் காத்திருக்கும்.

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருவதே இல்லை. வீட்டில் வைத்திருக்கிறதும் பூஞ்சை பிடித்துப் போகிறது. என்ன செய்ய?
— ஒரு வாசகர், குளச்சல்

நமக்கு இரண்டு மழைக்காலம், போதாததற்கு உங்களுக்குக் கடல் காற்றும். புத்தக அலமாரியை மழைச்சாரல் அடிக்கிற சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் தள்ளி வையுங்கள். நெருக்கி அடைக்க வேண்டாம். மழை விட்ட பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் இறக்கி, நிழலில் விரித்துக் காற்றாட வைத்து, தூசி தட்டி அடுக்குங்கள். நேர் வெயிலில் போட்டால் தாள் மொறுமொறுத்துவிடும். கரையான் வந்துவிட்டதா என்று கீழ்த்தட்டை மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இரவல் கொடுங்கள், பூஞ்சைக்குக் கொடுப்பதைவிட மனுஷனுக்குக் கொடுப்பது மேல். ஒரு நோட்டில் தேதியும் பேரும் எழுதி, வாங்குகிறவர் கண் முன்னாலேயே எழுதுங்கள், அதிலேயே பாதி திரும்பி வந்துவிடும். திரும்பி வராவிட்டால் உயிர் போய்விடும் என்று நினைக்கிற புத்தகங்களை உள் அறையில் வையுங்கள்.

என்னிடமிருந்து ஒரு நாவலின் முதல் பாகத்தை வாங்கிப் போன நாகர்கோவில் நண்பர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் பாகம் என்னிடம்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், வரும்போது முதல் பாகத்தையும் மறக்காமல் எடுத்து வாரும்.